அந்தப் படம் கலர்ல வந்த படம் ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, ஹாலிவுட் சினிமா பேச ஆரம்பிச்ச கதைன்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. முப்பது வருஷத்துக்கு மேல உங்க பேப்பர் வாங்குறேன், இதுவரைக்கும் ஒரு லெட்டர் கூட போட்டதில்ல, இந்தத் தடவை மனசு கேக்கல. நான் சினிமா ஆபரேட்டரா இருந்தவன். டூரிங் டாக்கீஸ்ல ஆரம்பிச்சு அப்புறம் டவுன் தியேட்டர், மொத்தம் 31 வருஷம் ரீலும் ப்ரொஜெக்டர் விளக்குல எரியிற கார்பன் குச்சியும் தான் பொழப்பு. ரிட்டயர் ஆனப்புறம் பேத்தி போன்லயும் டிவிலயும் போட்டுக் குடுக்க, இந்தப் பழைய பாட்டுப் படங்களை ஒண்ணொண்ணா தேடித்தேடி பாத்துக்கிட்டு வர்றேன். அதனால தான் அந்தப் பக்கத்தைப் படிச்சதும் அப்படி ஒரு வருத்தம்.

முதல்ல அந்த போட்டோ. 1929-ல வந்த 'ஆன் வித் தி ஷோ' படத்தோட ஸ்டில் ஒண்ணு போட்டு, கீழ "வண்ணம் எட்டிப் பார்க்காத காலத்துப் படம்"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. ஐயா, முழுக்க பேசி, முழுக்க கலர்ல எடுத்து வந்த முதல் முழுநீளப் படமே அது தான். வார்னர் பிரதர்ஸ் எடுத்தது, 1929 மே 28-ம் தேதி நியூயார்க் விண்டர் கார்டன் தியேட்டர்ல ரிலீஸ் ஆச்சு. அன்னைக்கு அந்த ஜனங்க திரையில கலரைத் தான் பாத்தாங்க. இன்னைக்கு நமக்குக் கிடைக்கிறது கருப்பு வெள்ளை காப்பி மட்டும் தான், கலர் பிரிண்ட்ல ரொம்ப வருஷம் கழிச்சு சில செகண்ட் துண்டு ஒண்ணு தான் கிடைச்சிருக்கு. எத்தல் வாட்டர்ஸ் அம்மா 'ஆம் ஐ ப்ளூ'ங்கிற பாட்டைப் பாடுற எடம் ஒண்ணு இருக்கு அதுல, அந்தக் குரலை கேட்டுட்டு ராத்திரி தூக்கம் வரல எனக்கு, அந்த எடத்தையும் கருப்பு வெள்ளையில தான் பாக்க வேண்டியிருக்கு. இழந்து போன ஒரு சொத்தை, அது இருந்ததே இல்லன்னு எழுதிட்டீங்களேங்கிறது தான் என் வருத்தம்.

இந்த ஒரு வரின்னா கூட விட்டிருப்பேன். மொத்தக் கட்டுரையும் அதே பார்வையில தான் போகுது. 1927-ல 'தி ஜாஸ் சிங்கர்', அப்புறம் ஒரே தாவா 1933 '42ண்ட் ஸ்ட்ரீட்', நடுவுல வந்ததெல்லாம் மைக் முன்னாடி மரம் மாதிரி நின்னு பாடின படங்க, ஜனங்க சலிச்சுப் போனாங்க, அவ்வளவு தான்னு ரெண்டு வரியில முடிச்சிட்டாரு எழுதினவரு. அந்த நடு வருஷங்கள்ல தான் ஐயா எல்லாமே நடந்துச்சு.

'ஜாஸ் சிங்கர்' பத்தியே கொஞ்சம் சொல்றேன். அதை முழு பேசும் படம் மாதிரி எழுதியிருக்கீங்க. அதுல பேச்சு மொத்தமா சேத்தா ரெண்டு நிமிஷம் தேறும், மத்ததெல்லாம் ஊமைப் படம் மாதிரியே எழுத்து அட்டை தான். முழுக்க பேசின முதல் படம் 1928 ஜூலையில வந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. வார்னர் கம்பெனிக்காரங்க சத்தத்தைக் கொண்டு வந்ததே பேச்சுக்காக இல்ல, இசைக்காக. 1926 ஆகஸ்ட்ல 'டான் ஜுவான்'னு ஒரு படம் விட்டாங்க, அதுல ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வாசிச்ச இசை மட்டும் ரெக்கார்டுல ஓடும். சின்ன ஊரு தியேட்டர்ல கூட பெரிய ஆர்கெஸ்ட்ரா கேக்கட்டும்ங்கிறது தான் யோசனை. 'ஜாஸ் சிங்கர்'லயும் பாட்டு மட்டும் தான் பிளான். படத்தோட ஹீரோ ஆல் ஜால்சன் ஒரு பாட்டு முடிச்சுட்டு, கொஞ்சம் பொறுங்க, நீங்க இன்னும் எதுவுமே கேக்கலன்னு மேடையில பேசுற பழக்கத்துல பேசிட்டாரு, அது அப்படியே பதிவாயிடுச்சு. அப்புறம் அம்மாவை உக்கார வச்சு பியானோ வாசிச்சுக்கிட்டே கொஞ்சிப் பேசுற சீன். அப்ப அப்பாக்காரர் உள்ள வந்து "நிறுத்து"ன்னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க, அந்த ஒரு வார்த்தையோட படம் பேச்சை விட்டுட்டு மறுபடி ஊமையாயிடும். எத்தனை தடவை பாத்தாலும் அந்த எடத்துல எனக்கு உடம்பு சிலிர்க்குது, ஒரு காலமே அந்தக் கதவுகிட்ட நிக்கிற மாதிரி இருக்கும். சினிமாவுக்குச் சத்தம் கொண்டு வரணும்னு வீட்ல எல்லார்கிட்டயும் மல்லுக்கு நின்ன சாம் வார்னர், படம் ரிலீஸ் ஆகுறதுக்கு முந்தின நாள், 1927 அக்டோபர் 5, செத்துப் போயிட்டாரு. அண்ணன் தம்பிங்க யாரும் முதல் நாள் ஷோவுக்குப் போகல. ஜால்சன் மூஞ்சில கரி பூசி கருப்பரா வேஷம் கட்டுறது அன்னைக்கு மேடையில சர்வ சாதாரணம், இன்னைக்குப் பாக்க ரொம்ப சங்கடமா இருக்கு, அதையும் கட்டுரையில சொல்லியிருக்கணும்.

இப்ப என் தொழில் சம்பந்தமா ஒண்ணு. வார்னர் கம்பெனி அப்ப வச்சிருந்த விட்டாஃபோன்ங்கிற முறையில சத்தம் ஃபிலிம்ல இருக்காது, தனியா ஒரு இசைத்தட்டுல இருக்கும். 16 இஞ்ச் தட்டு, நிமிஷத்துக்கு முப்பத்தி மூணே கால்... இல்ல, முப்பத்தி மூணே மூணுல ஒரு பங்கு சுத்து, உள்ள இருந்து வெளிய ஓடும். ஒரு ரீல் ஆயிரம் அடி, சுமார் 11 நிமிஷம், ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஆபரேட்டர் ஃபிலிம்ல ஸ்டார்ட் மார்க்கை, லென்ஸுக்குப் பின்னாடி ஃபிலிம் ஓடுற கேட்ல நிறுத்திக்கணும், தட்டுல அம்புக்குறி போட்ட எடத்துல முள்ளை வச்சுக்கணும், ரெண்டும் ஒரே மோட்டார்ல சேந்து சுத்தும். ஒவ்வொரு ரீலுக்கும் புது முள்ளு. தட்டு லேபிள்ல சின்னச் சின்னக் கட்டம் போட்டிருப்பாங்க, ஒரு தடவை ஓட்டினா ஒரு கட்டத்துல டிக், சுமார் 20 தடவை ஆச்சுன்னா தேஞ்சு போயிடும், வேற தட்டு மாத்தணும். இதுல ஃபிலிம் அறுந்துச்சுன்னு வைங்க, நாங்க எல்லாம் ரெண்டு பிரேம் வெட்டிட்டு ஒட்டிட்டு ஓட்டிடுவோம், யாருக்கும் தெரியாது. அவங்களுக்கு அது முடியாது, ரெண்டு பிரேம் வெட்டினா அதே கணக்குக்கு ரெண்டு கருப்பு பிரேம் சேத்து ஒட்டணும், இல்லன்னா அந்த ரீல் முழுக்க வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போயிடும். முள்ளு ஒரு கோடு தாண்டிச்சுன்னா அதே கதி. அந்தக் கேபின்ல நின்னு வேலை பாத்த ஆளுங்களை நினைச்சாலே எனக்கு கை எடுத்துக் கும்பிடத் தோணுது. 1930, 31 வாக்குல வார்னரும் ஃபிலிம்லயே சத்தம் போடுற முறைக்கு மாறிட்டாங்க.

சத்தமும் படமும் ரெண்டா பிரிஞ்சு இருந்ததால என்ன ஆச்சுன்னா, பின்னாடி ஒரு படத்துக்கு ஃபிலிம் மட்டும் மிஞ்சிச்சு, இன்னொண்ணுக்கு தட்டு மட்டும் மிஞ்சிச்சு. 1929-ல 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'ன்னு ஒரு படம், அதுவும் முழு கலர், ஊரே திரண்டு போய்ப் பாத்த படம், நிக் லூகாஸ் பாடின 'டிப்டோ த்ரூ தி டூலிப்ஸ்' அதுல தான். இன்னைக்கு அந்தப் படத்தோட சத்தம் முழுசா தட்டுல இருக்கு, ஃபிலிம்ல கடைசிப் பகுதி தான் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு கேக்கலாம், கடைசியில கொஞ்ச நேரம் கண்ணைத் தொறந்து பாக்கலாம். எம்ஜிஎம் எடுத்த 'தி ரோக் சாங்' 1930, லாரன்ஸ் டிப்பெட்னு பெரிய ஒபெரா பாடகர் நடிச்சது, லாரல் ஹார்டி கூட இருந்தாங்க, அதுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தானா மக்கிப் போறது ஒரு பக்கம், அப்புறம் 1950-கள்ல டிவிக்கு விக்கிறதுக்காக கலர் படத்தையெல்லாம் கருப்பு வெள்ளையா காப்பி எடுத்தது ஒரு பக்கம். அந்தக் காப்பியைத் தான் பிறகு வந்த விமர்சகருங்க பாத்தாங்க, மங்கலா இருக்கு, உயிரே இல்லன்னு எழுதினாங்க, அதைப் படிச்சவங்க மறுபடி அதையே எழுதினாங்க, அது சுத்திச் சுத்தி உங்க பக்கம் வரைக்கும் வந்துடுச்சு. வெளுத்துப் போன பட்டுப்புடவையைப் பாத்து இது நெய்யும்போதே இப்படித் தான் இருந்துச்சுன்னு சொல்லலாமா? 1991-ல இருந்து விட்டாஃபோன் ப்ராஜெக்ட்னு ஒரு குழு, தட்டு சேகரிக்கிறவங்ககிட்ட கிடக்குற தட்டையும் ஆவணக் காப்பகத்துல ஊமையா கிடக்குற ஃபிலிமையும் தேடிச் சேத்து வைக்கிற வேலையைப் பண்ணிக்கிட்டு இருக்காங்க, அதைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சரி, மரம் மாதிரி நின்னாங்கங்கிற குத்தச்சாட்டுக்கு வர்றேன். நின்னாங்க தான், மறுக்கல. ஏன் நின்னாங்கன்னு கேக்கணும்ல? கேமரா ஓடுற சத்தம் மைக்ல விழும்னு கேமராவையும் கேமராமேனையும் சேத்து ஒரு கண்ணாடி வச்ச பெட்டிக்குள்ள அடைச்சாங்க, அது பேரே ஐஸ் பெட்டி, ஆனா உள்ள வெந்து போயிடுவாங்க. ஆர்க் விளக்கு இரையும், நான் 31 வருஷம் கார்பன் இரைச்சலோட இருந்தவன், அது எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தேவையில்ல, அதனால அதை எடுத்துட்டு சாதாரண குண்டு பல்பு நிறைய வச்சாங்க, சூடு இன்னும் ஏறிச்சு. தட்டுல ஒரு தடவை பதிஞ்சதை வெட்டவோ ஒட்டவோ முடியாது, அதனால மூணு நாலு கேமராவை ஒரே நேரத்துல ஓட விட்டு ஒரே மூச்சுல முழுப் பாட்டையும் எடுக்கணும், ஆர்கெஸ்ட்ரா அங்கயே கேமரா பார்வைக்கு வெளிய உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருக்கும். மார்க்ஸ் பிரதர்ஸ்ங்கிற காமெடி அண்ணன் தம்பிங்க நடிச்ச 'தி கோகோனட்ஸ்' படத்துல ஒரு மேப் வரும், காகிதம் சரசரன்னு மைக்ல இடி மாதிரி விழுதுன்னு அதைத் தண்ணியில நனைச்சு வச்சு எடுத்தாங்க, படத்துல பாத்தா அந்தக் காகிதம் சொதசொதன்னு தொங்குறது தெரியும். இவ்வளவு கட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஒரு மனுஷன் பாடி ஆடினான்னா அவனை மரம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அந்தக் கட்டை எப்படி அறுத்தாங்கங்கிறது தான் கதையே, அது உங்க கட்டுரையில இல்லவே இல்ல. 1929 பிப்ரவரி 1-ம் தேதி ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர்ல எம்ஜிஎம்மோட 'தி பிராட்வே மெலடி' ரிலீஸ் ஆச்சு. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கின முதல் பேசும் படம். அதுல 'தி வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்'னு ஒரு கலர் நடனம், எடுத்ததைப் பாத்துட்டு தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் இது மேடை நாடகம் மாதிரி இருக்கு, திரும்ப எடுங்கன்னுட்டாரு. திரும்ப எடுக்கணும்னா மறுபடி முழு ஆர்கெஸ்ட்ராவையும் கூப்பிடணும், செலவு. அப்ப சவுண்டு பாத்துக்கிட்டு இருந்த டக்ளஸ் ஷியரர் சொன்னாரு, பாட்டு தான் நல்லா பதிவாகியிருக்கே, அதையே ஸ்பீக்கர்ல போட்டு விடுங்க, பொண்ணுங்க அதுக்கு ஆடட்டும், படத்தை மட்டும் புதுசா எடுத்து சேத்துக்கலாம்னு. அவ்வளவு தான் ஐயா, பிளேபேக் பொறந்துடுச்சு. மைக் வேண்டாம், கேமராவைப் பெட்டிக்குள்ள பூட்ட வேண்டாம். நம்ம ஊருல 1931 'காளிதாஸ்' காலத்து நடிகருங்க எல்லாம் பாடிக்கிட்டே நடிக்க வேண்டியிருந்துச்சு, 1938 'நந்தகுமார்'ல தான் ஏவிஎம் செட்டியார் ஒருத்தர் குரலை இன்னொருத்தருக்குப் போட்டாரு, அதுக்கப்புறம் நாம இன்னைக்கு வரைக்கும் கேக்குற அத்தனை பின்னணிப் பாட்டும் இந்த முறையில வந்தது தானே. அந்தப் படத்தை 'பழசான மேடைக் கதை'ன்னு அரை வரியில தள்ளிட்டாரு எழுதினவரு. அதுல பெஸ்ஸி லவ் அம்மா மேக்கப் ரூம் கண்ணாடி முன்னாடி உக்காந்து அழுற சீன் இருக்கு, சிரிப்பும் அழுகையும் கலந்து வரும், ஊமைப் படத்துல வளந்த நடிகை, அதைத் தயவுசெஞ்சு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அந்தப் பெயின்டட் டால் நடனமும் இன்னைக்கு கருப்பு வெள்ளையில தான் இருக்கு.

அதே வருஷம் ரூபன் மமூலியன்னு நாடகத்துல இருந்து வந்த டைரக்டர், நியூயார்க் பக்கம் அஸ்டோரியா ஸ்டூடியோவுல 'அப்ளாஸ்' எடுத்தாரு. அம்மா தாலாட்டு பாடணும், பொண்ணு அதே நேரம் மெதுவா ஜெபம் சொல்லணும், ஒரு மைக்ல ரெண்டும் கேக்காது. ரெண்டு மைக் வைங்க, தனித்தனியா எடுத்து அப்புறம் கலந்துக்கலாம்னாரு, நடக்காதுன்னாங்க, பண்ணிக் காட்டினாரு. அந்த ஐஸ் பெட்டிக்கும் சக்கரம் கட்டித் தள்ளிட்டுப் போனாரு. டைரக்டர் கிங் விடோர் 'ஹாலெலூயா'வை முழுக்க கருப்பின நடிகர்களை வச்சு டென்னசி, ஆர்கன்சா பக்கம் வெளிய போய் எடுத்தாரு, அங்க சத்தம் பதியிற வண்டி வரல, ஊமையா எடுத்துட்டு வந்து ஸ்டூடியோவுல உக்காந்து பாட்டையும் சத்தத்தையும் பொருத்தினாங்க, எடிட்டருங்க படாத பாடு பட்டிருப்பாங்க, ஆனா கேமரா காத்தாட நடமாடும். 1930-ல டைரக்டர் லுபிட்ஷ் எடுத்த 'மான்டி கார்லோ'ல ஜெனெட் மெக்டொனால்ட் ரயில் ஜன்னல்ல தலையை நீட்டிப் பாடும்போது ரயில் சக்கரச் சத்தமும் விசிலும் தாளமாகி, வயல்ல வேலை செய்யிற ஜனங்க கூடச் சேந்து பாடுவாங்க. இதுல எது நின்ன எடத்துல நின்னது, சொல்லுங்க.

'கிங் ஆஃப் ஜாஸ்' பத்தி எழுதாம விட முடியல. 1930, யுனிவர்சல், பால் வைட்மேன் இசைக்குழுவை வச்சு எடுத்தது, பிங் கிராஸ்பி இளவட்டமா கூட்டத்தோட நின்னு பாடுவாரு. அப்ப இருந்த டெக்னிகலர்ங்கிற கலர் முறையில ரெண்டு கலர் தான், சிவப்பும் பச்சையும், நீலம் சரியா வராது. ஆனா படத்தோட பெரிய அயிட்டமே 'ராப்ஸடி இன் ப்ளூ'ங்கிற இசை, பேர்லயே நீலம் இருக்கு! செட்டுக்கும் துணிக்கும் என்ன சாயம் போட்டா நீலம் மாதிரி தெரியும்னு தேடித் தேடி, பச்சை கலந்த ஒரு நீலத்தைக் கொண்டு வந்துட்டாங்க. 2016-ல ரீஸ்டோர் பண்ணி விட்டாங்க. அதைப் பாத்தப்ப தான் எனக்குப் புரிஞ்சுச்சு, நாம கருப்பு வெள்ளையில பாத்து ஒதுக்கின மத்த படங்களும் அன்னைக்கு இப்படித் தானே ஜொலிச்சிருக்கும்னு. நெஞ்சு அடைச்சுப் போச்சு.

ஜனங்க சலிச்சது உண்மை தான், மறைக்க வேணாம். ஒரு படம் ஓடினா அதே மாதிரி இருபது எடுத்தா யாருக்குத் தான் சலிக்காது, 1930-ல மட்டும் நூறுக்கு மேல பாட்டுப் படம், 1931-ல 14 தான். நடுவுல பணமுடை வேற, 1929 அக்டோபர்ல ஷேர் மார்க்கெட் விழுந்தாச்சு. தியேட்டர்காரங்க 'இது பாட்டுப் படம் இல்லை'ன்னு விளம்பரம் போடுற அளவுக்குப் போச்சு. கம்பெனிங்க என்ன பண்ணாங்கன்னா எடுத்து முடிச்ச படத்துல இருந்து பாட்டையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு கதையை மட்டும் விட்டாங்க, இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் பாட்டுக்காகவே ஓடின நாடகம் 'ஃபிஃப்டி மில்லியன் ஃப்ரெஞ்ச்மென்', 1931-ல படமா வரும்போது யாரும் பாடல, பின்னணி இசையா மட்டும் மிச்சம். சத்தமும் போய், கலரும் போய், பாட்டும் போய், மிச்சத்தைப் பாத்து நாம மார்க் போடுறோம்.

இன்னொண்ணு, 1933-ல '42ண்ட் ஸ்ட்ரீட்'டுக்கு நடனம் அமைச்ச பஸ்பி பெர்க்லி திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல. 1930-லயே 'ஹூப்பி'ங்கிற கலர் படத்துல கேமராவை உச்சத்துல ஏத்தி, கீழ பொண்ணுங்க பூ மாதிரி விரியிறதை எடுத்துட்டாரு. அவரு தொழில் கத்துக்கிட்டதே நீங்க விட்டுட்ட அந்த வருஷங்கள்ல தான்.

பேசும் படம் வந்ததால வேலை இழந்தவங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை கூட இல்ல. ஊமைப் படத்துக்கு தியேட்டர்ல உக்காந்து வயலினும் பியானோவும் வாசிச்சுக்கிட்டு இருந்த ஆயிரக்கணக்கான பேரை ரெண்டு மூணு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க சங்கம் ஒரு இயந்திர மனுஷன் படத்தைப் போட்டு, டப்பாவுல அடைச்ச இசை வேணாம்னு பேப்பர் பேப்பரா விளம்பரம் குடுத்துப் பாத்துச்சு, நடக்கல. டிஜிட்டல் வந்தப்ப எங்க கேபின்ல இருந்து ப்ரொஜெக்டரை இரும்புக் கடைக்குத் தூக்கிட்டுப் போனதை நான் படிக்கட்டுல நின்னு பாத்தவன், அதனால அவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஜால்சன் பாட்டை ரசிக்கும்போதெல்லாம் அந்த வாசிப்பாளருங்களையும் நினைச்சுக்குவேன்.

ஐயா, நான் கேக்குறது ரெண்டு. ஒண்ணு, அந்த போட்டோவுக்கு ஒரு திருத்தம், எந்த மூலையில வேணும்னாலும் போடுங்க: 'ஆன் வித் தி ஷோ' 1929-ல முழு கலர்ல வெளிவந்த படம், இப்ப கிடைக்கிற பிரதி தான் கருப்பு வெள்ளைன்னு. ரெண்டாவது, முடிஞ்சா 1928-ல இருந்து 1930 வரைக்கும் வந்த பாட்டுப் படங்களுக்கே ஒரு ஞாயிறு முழுப் பக்கம் குடுங்க, எழுதுறவருக்கு என்கிட்ட இருக்குற குறிப்பு நோட்டு ரெண்டையும் பதிவுத் தபால்ல அனுப்பி வைக்கிறேன், வேலை முடிஞ்சதும் திருப்பி அனுப்பினா போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சினிமா ஆபரேட்டர்,
தஞ்சாவூர் மாவட்டம்